மோல்டன் சபையார்: ஒரு கிராமத்துக் கூடுகை வீட்டின் வரலாறு

ஜனவரி 12, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

ஐயா, இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள மோல்டன் கிராமத்துப் பாப்டிஸ்ட் சபையைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு ஓர் ஐயம் உண்டு. பின்னாளில் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்த வில்லியம் கேரி அங்கே போதகராக இருந்தது 4 ஆண்டுகள்தான். அவர் அந்த ஊருக்கு வராமல் இருந்திருந்தால் அப்படி ஒரு சபை இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. ஏழைக் காலணித் தொழிலாளர்களும் கூலி விவசாயிகளும் கூடிய ஒரு சிறு கட்டடத்துக்குத் தனியாக ஒரு வரலாறு இருக்க முடியுமா? அது கேரியின் வரலாற்றில் ஒரு பத்திதானே?

ஜனவரி 12, இரவு

இருக்க முடியும் என்றே நினைக்கிறேன். கேரியின் வரலாற்றைத்தான் அந்தச் சபையின் வரலாற்றில் ஒரு பகுதியாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இதை ஒரே மூச்சில் நிறுவ முடியாது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் கீழே எழுதிக்கொண்டு போகிறேன்.

முதலில் மோல்டன் சபையார் போன்றவர்களைக் குறிக்கும் ஒரு பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான்கன்ஃபார்மிஸ்ட் என்றால், இங்கிலாந்து அரசுத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலுக்கும் அதன் பேராயர்களின் ஆட்சிக்கும் இணங்க மறுத்தவர்கள் என்று பொருள். 1662இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் காலத்தில் ஒருமைச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதிக்குள் வழிபாட்டு நூலை முழுமையாக ஏற்க மறுத்த சுமார் 2000 போதகர்கள் தங்கள் ஆலயங்களையும் வீடுகளையும் வருமானத்தையும் ஒரே நாளில் இழந்தார்கள். பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல், பாப்டிஸ்ட், குவேக்கர் என்று அவர்களுக்குள் பல பிரிவுகள் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் எல்லோரும் ஒரே கூட்டத்தினர்தான். 1664இன் கூடுகைச் சட்டத்தின்படி, ஒரு வீட்டில் குடும்பத்தாரைத் தவிர 5 பேருக்கு மேல் கூடி வேறு முறையில் வழிபட்டால் அது குற்றம். நார்தாம்ப்டன்ஷயருக்கு அடுத்த பெட்ஃபோர்டில் ஜான் பனியன் 1660இலிருந்து 1672 வரை சிறையில் கிடந்ததும் அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காகத்தான்.

மோல்டன், நார்தாம்ப்டன் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 4 மைல் தொலைவில் இருக்கிறது.

ஜனவரி 14

இந்தச் சட்டங்களின் நிழலில் ஒரு கிராமத்துச் சபை எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லாமல் மோல்டனுக்குள் நுழைய முடியாது.

1689இல் சகிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கூடி வழிபடுவது குற்றமில்லை என்றாலும், கூடும் இடத்தைப் பேராயரிடமோ நீதிமன்றத்திலோ பதிவு செய்ய வேண்டும். வழிபாடு நடக்கும் நேரத்தில் கதவைப் பூட்டவோ தாழிடவோ கூடாது என்ற ஒரு விதியும் அதில் இருக்கிறது. உள்ளே சதி நடக்கிறதா என்று யாரும் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்பதற்காக வைக்கப்பட்ட விதி அது. அந்த வரியை முதன்முறை படித்தபோது நெடுநேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். அஞ்சி வாழ்ந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள், தாழிடாத கதவுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு முழுவதும் பாட்டுப் பாடியிருக்கிறார்கள்.

கதவு திறந்துவிட்டது என்பதற்காக எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் சேரவோ, கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவோ அரசுத் திருச்சபையை ஏற்றாக வேண்டும். நகராட்சிப் பதவிக்கும் அதே நிபந்தனை. 1753இன் திருமணச் சட்டம் குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. மற்றவர்கள் எந்தச் சபையாராக இருந்தாலும் ஊர்ப் பங்கு ஆலயத்தில், அரசுத் திருச்சபைக் குருவின் முன்னால்தான் மணம் செய்துகொள்ள வேண்டும். 1836இல் புதிய திருமணச் சட்டம் வரும்வரை இதுதான் நிலை.

கேரியின் திருமணமும் அப்படித்தான் நடந்தது. 1781 ஜூன் 10ஆம் தேதி, பிடிங்டன் பங்கு ஆலயத்தில், டோரதி பிளாக்கெட்டை அவர் மணந்தார். டோரதியின் குடும்பம் அரசுத் திருச்சபைக்கு வெளியே ஹேக்கில்டன் கூடுகையில் வேரூன்றியது. அதே ஆண்டில் அந்தக் கூடுகை முறைப்படி ஒரு சபையாக அமைந்தபோது உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் கேரியும் ஒருவர். தாங்கள் விட்டு விலகிய அதே ஆலயத்தின் பதிவேட்டில்தான் இவர்கள் கணவன் மனைவி என்று பதியப்பட்டார்கள். டோரதிக்கு எழுதத் தெரியாததால் பெயருக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறியை இட்டார். அந்தக் குறியைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

ஜனவரி 15

12ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். சுமார் 2000 போதகர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டதாக எழுதிவிட்டேன், அது சரியில்லை. அந்த எண்ணிக்கை 1660 முதல் 1662 வரை பல கட்டங்களாக வெளியேற்றப்பட்டவர்கள் எல்லோரையும் சேர்த்தது. அவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டீரியன்களும் காங்கிரிகேஷனல்களும்தான். பாப்டிஸ்டுகளில் மிகச் சிலரே அதில் இருந்தார்கள், ஏனென்றால் அவர்களில் பலர் தொடக்கத்திலிருந்தே பங்கு ஆலயங்களுக்கு வெளியே இருந்தவர்கள். மோல்டன் போன்ற ஒரு பாப்டிஸ்ட் சபையின் வேரைத் தேடும்போது இந்த வேறுபாடு முக்கியமானது. ஆலயத்தை இழந்த ஒரு குருவைப் பின்தொடர்ந்து வந்த கூட்டமாக அதைக் கருதக் கூடாது. ஞானஸ்நானம் என்பது விவரம் தெரிந்த வயதில், சொந்த அறிக்கையின் பேரில், முழுக்காகப் பெற வேண்டியது என்று நம்பித் தாங்களாகவே சேர்ந்தவர்களின் சபை அது.

ஜனவரி 18

இனி மோல்டன்.

1785இல் கேரி மோல்டனுக்குக் குடிவந்தபோது அவருக்கு வயது 23. பாலர்ஸ்பரியில் பங்கு ஆலயக் கணக்கராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்த எட்மண்ட் கேரியின் மகன். பிடிங்டனில் காலணித் தொழில் பழகப் போன இடத்தில், உடன் பழகிய ஜான் வார் என்ற இளைஞர் வழியாக மாற்றுச் சபையாரின் கூடுகைக்கு வந்தவர். அமெரிக்கப் போரை முன்னிட்டு அரசு உபவாச நாளாக அறிவித்த 1779 பிப்ரவரி 10 அன்று, ஹேக்கில்டன் கூடுகையில், எபிரெயர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பிரசங்கம் கேட்டார். 'அவருடைய நிந்தையைச் சுமந்து, பாளயத்துக்குப் புறம்பே' புறப்பட்டுப் போகச் சொல்லும் வசனம் அது. பங்கு ஆலயக் கணக்கரின் மகனுக்குப் பாளயம் எது, புறம்பு எது என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. 1783 அக்டோபர் 5 அன்று நார்தாம்ப்டனில் நீன் ஆற்றில் பாப்டிஸ்ட் போதகர் ஜான் ரைலண்ட் அவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அன்றைக்குத் தமக்கு அது ஓர் ஏழைக் காலணித் தொழிலாளியின் ஞானஸ்நானம் மட்டுமே என்று ரைலண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

மோல்டனில் அவர் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைக்கலாம் என்று வந்தார். அது பிழைப்புக்குப் போதவில்லை. மீண்டும் தோலும் ஊசியும் எடுத்தார். ஆலயத்தை ஒட்டிய அவருடைய சிறு வீடு இன்றும் நிற்கிறது. தோலை ஊறவைக்கும் தொட்டியை அங்கே காட்டுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் நார்தாம்ப்டனில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை அங்கே போயிருந்தேன். அந்தத் தொட்டிக்கு எதிரே நின்றபோது கேரியைவிட, அவருக்குக் காலணி தைக்கக் கொடுத்தவர்களும், ஞாயிற்றுக்கிழமை அதே காலணிகளோடு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தவர்களுமே என் நினைவில் நின்றார்கள். போதகரின் கை எப்படித் தோல் நாற்றம் அடிக்கும் என்று தெரிந்த சபை அது.

அவர் வந்தபோது அந்தச் சபை போதகர் இல்லாமல் பல ஆண்டுகள் நலிந்து கிடந்தது, கட்டடமும் பழுதடைந்திருந்தது. கேரி வந்த பிறகு ஆட்கள் கூடினார்கள், இடம் போதவில்லை. கட்டடத்தைச் சீர்படுத்தி விரிவாக்குவதற்கு, பிற சபைகளுக்கு வேண்டுகோள் எழுதி நிதி கேட்டார்கள். சபையின் உடன்படிக்கை புதிதாக எழுதப்பட்டது. உடன்படிக்கை என்பது ஒருவரையொருவர் தாங்குவோம், ஒருவர் குறையை ஒருவர் அன்பாகச் சொல்வோம், சபையின் செலவைப் பங்கிடுவோம் என்று உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைக்குறியோ இட்டு ஒப்புக்கொள்ளும் ஆவணம். மேலிருந்து ஒரு பேராயர் அனுப்பும் கட்டளை அங்கே இல்லை; இந்த ஒரு தாள்தான் அவர்களைச் சபையாக்கியது.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குறிப்பேடு இருக்கிறது. என் பாட்டா (எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் தாத்தாவை அப்படித்தான் அழைப்போம்) ஊர்ச் சபையின் செயலராக இருந்தவர். பழைய எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) சபை அது. ஓலைக்கூரை மாற்றியது, உபதேசியாருக்குச் சம்பளம் பாக்கி நின்றது, இருவருக்குள் நடந்த வரப்புத் தகராறைச் சபைக் கூட்டத்தில் பேசித் தீர்த்தது எல்லாம் அதில் இருக்கின்றன. இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று இளவயதில் அதைப் புரட்டிப் பார்க்காமலே விட்டுவிட்டேன். அதே கேள்வியைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

1787 ஆகஸ்ட் 1ஆம் தேதி கேரி மோல்டனில் போதகராக அபிஷேகம் செய்யப்பட்டார். ரைலண்டும், ஓல்னியின் ஜான் சட்கிளிஃபும், கெட்டரிங்கின் ஆண்ட்ரூ ஃபுல்லரும் அதில் பங்கேற்றார்கள். இதற்கு அடுத்த காலத்தில்தான் போதகர் கூட்டம் ஒன்றில் கேரி மறுநாட்டு ஊழியத்தைப் பற்றிக் கேள்வி எழுப்ப, மூத்த ரைலண்ட் எழுந்து, இளைஞனே உட்கார், கடவுளுக்கு விருப்பமானால் உன் உதவியும் என் உதவியும் இல்லாமலே அவர் அதைச் செய்வார் என்று அடக்கினார்.

ஜனவரி 19

நேற்றைய குறிப்பின் கடைசி வாக்கியத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. கை தானாக எழுதிவிட்டது. இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது. மூத்த ரைலண்டின் மகனும், கேரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தவருமான இளைய ஜான் ரைலண்ட், இந்தக் கதையை அச்சில் பார்க்கும்வரை கேள்விப்பட்டதே இல்லை என்றும் அதை நம்பவில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். தந்தை 1785இலேயே நார்தாம்ப்டனை விட்டுப் போய்விட்டார். ஆகவே கதையைச் சந்தேகத்தோடுதான் வைக்க வேண்டும்.

கதைக்குப் பின்னால் ஓர் உண்மையான விவாதம் இருந்தது. தேர்ந்துகொள்ளப்பட்டவர்களைக் கடவுளே இரட்சிப்பார், ஆகவே மனந்திரும்பும்படி எல்லோரையும் அழைப்பது போதகரின் வேலையில்லை என்ற கடுமையான கால்வினியக் கருத்து அந்நாளைய பாப்டிஸ்டுகளிடம் வலுவாக இருந்தது. 1785இல் ஃபுல்லர் வெளியிட்ட நூல் அதை நேரடியாக எதிர்த்தது. இந்த விவாதம் லண்டனில் நடக்கவில்லை. கெட்டரிங், ஓல்னி, நார்தாம்ப்டன், மோல்டன் என்று, ஒரு நாளில் நடந்துபோய்ச் சேரக்கூடிய ஊர்களுக்குள் நடந்தது.

கேரியை அடக்கியவர் யார் என்று கேட்பதைவிட, கேரியைச் சோதித்தவர்கள் யார் என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். 1785இல் அவர் ஓல்னி சபையார் முன் பிரசங்கித்தார். போதகராக அனுப்புவதற்கு அது போதாது, இன்னும் சில காலம் எங்கள் முன் பிரசங்கிக்கட்டும் என்று சபை முடிவு செய்தது. 1786 ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் சம்மதித்து அனுப்பினார்கள். பின்னாளில் பல மொழிகளில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவருக்கு, பெரும்பாலும் கைத்தொழில் செய்து பிழைத்த ஒரு சபை, இன்னும் தேறவில்லை என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

ஜனவரி 23

இந்தக் குறிப்பை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றி வந்தேன்.

1784இல் நார்தாம்ப்டன்ஷயர் பாப்டிஸ்ட் சங்கம், எல்லாச் சபைகளும் மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஜெபத்துக்காகக் கூடும்படி தீர்மானித்தது. தங்கள் சபைகளுக்காக மட்டுமின்றி, உலகத்தின் கடைசி எல்லைவரை சுவிசேஷம் பரவும்படியும் ஜெபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திங்கள் மாலை என்றால் வேலை முடிந்து களைத்த நேரம். தொழுவத்தையும் தறியையும் காலணிப் பட்டறையையும் விட்டு வந்து, வரைபடத்தில் பார்த்திராத நாடுகளுக்காக அவர்கள் முழங்காலிட்டார்கள். மோல்டன் சபையாரைப் பொறுத்தவரை, அந்த வரைபடம் அவர்கள் போதகரின் பட்டறைச் சுவரிலேயே தொங்கியது. பல தாள்களை ஒட்டித் தம் கையாலேயே வரைந்து, ஒவ்வொரு நாட்டின் மக்கள்தொகை, சமயம் பற்றித் தாம் படித்த விவரங்களை அதில் கேரி குறித்துவைத்திருந்ததை ஃபுல்லர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

இதற்கு மேல் இன்னொன்று. 1789இல் லெஸ்டர் நகரச் சபை கேரியை அழைத்தது. மோல்டனில் அவர் குடும்பத்துக்கு உண்மையிலேயே சாப்பாட்டுக்குக் கஷ்டம். ஃபீலிக்ஸ், வில்லியம், பீட்டர் என்று பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். 1789 ஏப்ரல் மாதத்துச் சபைக் குறிப்பேடு, வாழ்க்கைச் செலவுக்கு மிகவும் நெருக்கடியில் இருந்த எங்கள் அன்பான போதகர், லெஸ்டர் சபை தம்மை அழைத்திருப்பதை எங்களுக்குத் தெரிவித்தார் என்ற பொருளில் பதிவு செய்துவிட்டு, அந்தக் காரியத்துக்காக ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் ஜெபத்துக்குக் கூடுவது என்று தீர்மானித்ததையும் எழுதுகிறது.

தங்களை விட்டுப் போகப்போகும் மனிதருக்காக, தங்களால் போதிய சம்பளம் கொடுக்க முடியாததால் போகும் மனிதருக்காக, வாரந்தோறும் கூடி ஜெபிக்க ஒரு சபை தீர்மானித்திருக்கிறது. வருத்தமும் வெட்கமும் அன்பும் அந்த வரிகளில் ஒன்றாக இருக்கின்றன. உபதேசியாருக்குச் சம்பளம் பாக்கி என்று எழுத வேண்டியிருந்த பக்கத்தில் என் பாட்டா எழுத்தைச் சின்னதாக்கியிருப்பார். மற்ற பக்கங்களில் அவர் எழுத்து பெரிதாக இருக்கும். ஏழைச் சபையின் செயலருக்குத்தான் அந்த வரியை எழுதுவது எவ்வளவு பாரம் என்று தெரியும்.

நீங்கள் கேட்ட ஒரு பத்தி இதுதான். இது கேரியைப் பற்றியதா, சபையைப் பற்றியதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜனவரி 24

சிறு விளக்கம். போதகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாதவர்களை எதற்குப் பாராட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் கஞ்சத்தனத்தால் கொடுக்காமல் இருக்கவில்லை. அரசுத் திருச்சபைக்குத் தசமபாகமும் ஆலய வரியும் சட்டப்படி கட்ட வேண்டியவர்கள் இவர்களும்தான். கட்டாய ஆலய வரி 1868இல்தான் நீங்கியது. தாங்கள் போகாத ஆலயத்தின் கூரைக்கும் கட்டி, அதன் பிறகு மிஞ்சியதிலிருந்து தங்கள் கூரைக்கும் கொடுத்தார்கள்.

ஜனவரி 28

1792 மே மாதக் கடைசியில் நாட்டிங்ஹாமில் நடந்த சங்கக் கூட்டத்தில், அப்போது லெஸ்டரிலிருந்த கேரி, ஏசாயாவின் 54ஆம் அதிகாரத்திலிருந்து 'உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு' என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். பெரிய காரியங்களை எதிர்பாருங்கள், பெரிய காரியங்களுக்கு முயலுங்கள் என்ற இரண்டு வாக்கியங்கள் அதில்தான் பிறந்தன. நம் ஆலயச் சுவர்களில் காணும் 'கடவுளிடமிருந்து', 'கடவுளுக்காக' என்ற சொற்கள் மிகப் பழைய பதிவுகளில் இல்லை, பின்னால் சேர்ந்தவை. கயிறுகளை நீளமாக்கி முளைகளை உறுதிப்படுத்தச் சொல்லும் வசனம், இடம் போதாமல் கூடுகை வீட்டை விரிவாக்கிய மனிதரின் வாயில் வெறும் உவமையாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

அக்டோபர் 2ஆம் தேதி கெட்டரிங்கில், ஒரு விதவையின் வீட்டில் மிஷன் சங்கம் தொடங்கப்பட்டது. அன்று எழுதிக்கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளின் மொத்தம் 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தச் சீட்டுகள் ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில் சேர்க்கப்பட்டன. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் சிற்றூர், சிறுநகரச் சபைகளின் போதகர்கள்.

ஒரு சிறு சபை பணத்தைத் திரட்டும் விதம் எப்போதும் ஒன்றுதான். எங்கள் ஊரில் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பார்கள். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். மாதக் கடைசியில் அது ஆலயத்துக்கு வரும். 13 பவுண்டு என்ற தொகையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானைதான் கண்முன் வரும்.

பிப்ரவரி 2

தமிழ் வாசகருக்கு இதில் என்ன தொடர்பு என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். வலிந்து கட்டும் தொடர்பாக இல்லாமல், ஆவணத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

கேரி 1792இல் வெளியிட்ட 'விசாரணை' என்ற சிறு நூல், மோல்டன் பட்டறையில் திரட்டிய குறிப்புகளிலிருந்து வளர்ந்தது. அதில் தமக்கு முன் நடந்த ஊழியங்களைச் சொல்லும் பகுதியில், டென்மார்க் மன்னர் 1706இல் சோழமண்டலக் கரையில் உள்ள தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு முதலியோரை அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அதே சீகன்பால்குதான். தரங்கம்பாடி என்ற பெயரைத் தோல் தைத்த கை, நார்தாம்ப்டன்ஷயர்க் கிராமம் ஒன்றில் குறித்துவைத்திருக்கிறது.

1793இல் அவர் வந்ததும் ஒரு டேனிஷ் கப்பலில்தான், ஏனென்றால் கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை அனுமதிக்கவில்லை. 1800இல் குடியேறிய வங்காளத்துச் செராம்பூரும், தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ்காரர்களின் இடம். இரண்டையும் அவர்கள் 1845இல் சேர்த்தே ஆங்கிலேயரிடம் விற்றார்கள்.

இன்னொரு கண்ணி என் சொந்தச் சபையைத் தொடுகிறது. கேரி இந்தியாவிலிருந்து எழுதிய முதல் கடிதங்கள் 1794இல் பிரிஸ்டலில் இளைய ரைலண்டிடம் வந்து சேர்ந்தபோது, அவர் அவற்றைப் பிற சபைப் போதகர்களையும் அழைத்துப் படித்துக் காட்டினார். 1795இல் லண்டன் மிஷனரி சங்கம் உருவானதற்கு அது ஒரு தூண்டுதல். அந்தச் சங்கம் அனுப்பிய ரிங்கல்தௌபே 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் ஊழியம் தொடங்கினார். எங்கள் பக்கத்துச் சபைகள் அந்த வழியில் வந்தவை. என் பாட்டாவின் குறிப்பேட்டை மோல்டன் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு உள்ள உரிமை இதுதான்.

பிப்ரவரி 9

ஜனவரி 14இல் டோரதியின் சிலுவைக் குறியைப் பற்றிப் பின்னால் பேசுவதாகச் சொன்னேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை நான் எழுதியதில் எல்லாம் ஒரு நிறைவு இருக்கிறது. டோரதியைக் கொண்டுவந்தால் அந்த நிறைவு உடைகிறது. உடையட்டும்.

டோரதி கேரியைவிட 5 வயதுக்கு மேல் மூத்தவர். முதல் பெண் குழந்தை இரண்டு வயதாகும் முன்பே காய்ச்சலில் இறந்தது. மோல்டனில்தான் அவர் 1787இல் தம் கணவரின் கையால் ஞானஸ்நானம் பெற்று அந்தச் சபையின் உறுப்பினரானார். மோல்டன் சபையார் என்று நான் பாராட்டிக்கொண்டிருக்கும் மக்களில் அவரும் ஒருவர். இந்தியாவுக்கு வர மாட்டேன் என்று முதலில் சொன்னார். 1793 மே மாதத்தில் அவருக்கு மீண்டும் ஒரு குழந்தை பிறந்தது. முதலில் ஏறிய கப்பலிலிருந்து மிஷனரிகள் இறக்கிவிடப்பட்டதால் கிடைத்த சில நாள் அவகாசத்தில், கேரியும் உடன் புறப்பட்ட மிஷனரி ஜான் தாமஸும் அவர் வீட்டுக்குப் போய் வற்புறுத்த, தங்கை கேத்தரின் உடன் வருவதானால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஒரு நாளுக்குள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். மோல்டனில் பிறந்த பீட்டர் 1794இல் வங்காளத்தில் 5 வயதில் இறந்தான். அதன் பிறகு டோரதியின் மனம் குலைந்தது. 1807 டிசம்பர் 8 அன்று இறக்கும்வரை அது மீளவில்லை.

உறுப்பினர் ஒவ்வொருவரும் மனமார ஒப்பிச் சேரும் சபை என்று உடன்படிக்கையைப் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியை நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் அந்தச் சபையின் ஓர் உறுப்பினருடைய ஒப்புதல், கைக்குழந்தையோடு இருந்த ஒரு நாளில், கண்ணீருக்கு நடுவில் வாங்கப்பட்டது. மோல்டன் வரலாற்றை எழுதுகிறவர் திங்கட்கிழமை ஜெபத்தை எழுதினால் இதையும் எழுத வேண்டும். போன மாதத்தோடு நிறுத்தி நான் இதை எழுதாமல் விட்டிருந்தால் அது பிழையாகியிருக்கும்.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பைப் படித்த என் மனைவி, பாட்டாவின் குறிப்பேட்டில் பிடி அரிசி கொடுத்த பெண்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். பார்த்தேன். தொகை இருக்கிறது, பெயர்கள் இல்லை. 'பெண்கள் சங்கம்' என்று மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 21

1800 டிசம்பர் 28. செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் கேரி இருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் கிருஷ்ண பால் என்ற தச்சர். செராம்பூர் மிஷனின் முதல் வங்காள விசுவாசி. மற்றவர் கேரியின் மூத்த மகன் ஃபீலிக்ஸ். அப்போது அவருக்கு வயது 15. மோல்டனில், அந்தத் தோல் தொட்டி இருந்த வீட்டுக் காலத்தில் பிறந்தவர். 17 ஆண்டுகளுக்கு முன் நீன் ஆற்றில் ஒரு காலணித் தொழிலாளி மூழ்கி எழுந்ததைப் போலவே ஹூக்ளியில் ஒரு தச்சர் மூழ்கி எழுந்தார். அதே நாளில் டோரதி வீட்டில் அடைத்துவைக்கப்பட்டிருந்தார். ஆற்றங்கரையில் பாடியவர்களுக்கு அது தெரியும்.

1805 அக்டோபரில் செராம்பூர் மிஷன் குடும்பத்தார் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டை எழுதினார்கள். எப்படி வாழ்வது, பணத்தை எப்படிப் பொதுவில் வைப்பது, இந்நாட்டு மக்களை எப்படி மதிப்பது, அவர்களுடைய சபைகளுக்கு அவர்களிலிருந்தே எப்படிப் போதகர்களை எழுப்புவது என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு மிஷன் நிலையத்திலும் இதை உரக்க வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் சேர்ந்து எழுதி, எல்லோரும் ஒப்பி, எல்லோர் முன்னும் வாசிக்கும் அந்தப் பழக்கத்தைக் கேரி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கவில்லை. அவருக்கு அங்கெல்லாம் கதவு சாத்தியிருந்தது. ஹேக்கில்டனிலும் மோல்டனிலும் கற்றார்.

மார்ச் 3

பாட்டாவின் குறிப்பேட்டைப் படியெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, இங்கிலாந்தில் 1662இல் பிரிந்த இரு தரப்பாரின் வழிவந்த சபைகள் சென்னையில் ஒன்றான பிறகும், சில மாதங்கள் அவர் தலைப்பில் பழைய பெயரையே எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறார். பிடி அரிசிப் பெண்களின் பெயர்களை ஊரில் உள்ள இரண்டு மூத்த அம்மாமாரிடம் கேட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிவருகிறேன். இதுவரை 11 பெயர்கள் கிடைத்திருக்கின்றன.